செவ்வாய்க்கிழமை காலை கவுண்டி போர்டில் என்னதான் நடக்கிறது? சான்டா கிளாராவாசிகளின் கேள்விகளும் என் பதில்களும்

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. நான் வக்கீல் இல்லை, அரசாங்க வேலையிலும் இல்லை. சன்னிவேலில் வீடு, சில வருடங்களாக சான்டா கிளாரா கவுண்டி போர்டின் கூட்டங்களைப் பார்க்கும் பழக்கம், அவ்வளவுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன்.

கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரியா? அப்போ கலெக்டர் யார்?

பாதி சரி. கலிஃபோர்னியாவில் 58 கவுண்டிகள். ஆயிரத்துச் சொச்சம் பேர் மட்டும் இருக்கும் ஆல்பைனும் கவுண்டிதான், சுமார் ஒரு கோடிப் பேர் இருக்கும் லாஸ் ஏஞ்சலிஸும் கவுண்டிதான். நம்முடையதில் சுமார் 19 லட்சம் பேர், 15 நகரங்கள், தலைநகர் சான் ஹோசே.

ஆனால் ஊரில் கலெக்டரை மாநில அரசு அனுப்பிவைக்கும். இங்கே மேலிருந்து யாரும் வருவதில்லை. மக்கள் ஓட்டுப் போட்டு ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்த ஐந்து பேர்தான் போர்டு ஆஃப் சூப்பர்வைசர்ஸ். அவர்கள் கவுண்டி எக்ஸிக்யூட்டிவ் என்று ஓர் அதிகாரியை வேலைக்கு வைக்கிறார்கள், அன்றாட நிர்வாகம் அவர் கையில், பிடிக்காவிட்டால் போர்டே அவரை அனுப்பிவிடலாம். கலெக்டருக்குப் பக்கத்தில் வருபவர் அவர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேடிக்கை என்னவென்றால் கலெக்டர் என்ற பெயரிலேயே இங்கே ஒரு பதவி உண்டு, டாக்ஸ் கலெக்டர், அவர் வேலை நிஜமாகவே வரி வசூலிப்பது மட்டும்தான். கும்பினிக்காரன் காலத்தில் நம்ம கலெக்டரும் அதற்காக வந்தவர்தானே.

எங்கள் ஊரில் சிட்டி கவுன்சில் இருக்கிறது. கவுண்டி எனக்கு எதற்கு?

நானும் அப்படித்தான் இருந்தேன். தெரு விளக்கு, குப்பை, ஊர் போலீஸ் எல்லாம் நகராட்சி பார்த்துக்கொள்ளும்போது நடுவில் இது என்ன என்று. தினமும் லாரன்ஸ் எக்ஸ்பிரஸ்வேயில் ஆபீஸ் போகிறீர்களா? அந்தச் சாலை கவுண்டியுடையது. சான் தோமஸ், சென்ட்ரல், மான்டேக், ஃபுட்ஹில், ஆல்மடன், கேபிடல், ஆரிகன்-பேஜ் மில் எல்லாமும் அப்படியே, மொத்தம் எட்டு எக்ஸ்பிரஸ்வே. அதில் பள்ளம் விழுந்தால் சன்னிவேல் சிட்டிக்கு மெயில் அனுப்பிப் பிரயோஜனம் இல்லை.

அப்புறம் பெரிய அரசு மருத்துவமனை, ஜெயில், தேர்தல் நடத்துவது, பிறப்புச் சான்றிதழ், கல்யாண லைசென்ஸ், வீட்டுப் பத்திரப் பதிவு, நாம் பிக்னிக் போகும் வசோனா மாதிரியான பார்க்குகள், எல்லாம் கவுண்டி. கூபர்டினோவுக்கும் சாரட்டோகாவுக்கும் சொந்தப் போலீஸே கிடையாது, கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃபுக்குப் பணம் கொடுத்துத்தான் காவல் பார்க்கிறார்கள்.

இதையெல்லாம் விட முக்கியம், எந்த நகராட்சி எல்லைக்குள்ளும் சேராத நிலம். அங்கே கவுண்டிதான் நகராட்சி. தெற்கே சான் மார்ட்டின் அப்படி, ஆலம் ராக் பக்கம் துண்டு துண்டாகச் சில தெருக்கள் அப்படி. யாரும் எதிர்பார்க்காத இன்னொன்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகம். அது பாலோ ஆல்டோவுக்குள் இருப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம், ஆனால் வளாகத்தின் பெரும்பகுதிக்குக் கட்டட அனுமதி கொடுப்பது இந்த ஐந்து பேர். 2016இல் பல்கலைக்கழகம் பெரிய விரிவாக்கத்துக்கு விண்ணப்பித்தது. இத்தனை கட்டடம் கட்டினால் வருகிறவர்கள் எங்கே குடியிருப்பார்கள், போக்குவரத்து என்னாகும் என்று போர்டு விடாமல் பிடித்தது. மூன்று வருட இழுபறிக்குப் பிறகு 2019 நவம்பரில், கடைசி ஓட்டெடுப்பு நடக்கும் முன்பே பல்கலைக்கழகம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அவ்வளவு பெரிய நிறுவனமே கைகட்டிப் பதில் சொல்லும் இடம் அது.

ஐந்தே பேரா? அவர்கள் யார், எப்படி வருகிறார்கள்?

கவுண்டியை ஐந்து டிஸ்ட்ரிக்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒருவர். அதாவது ஒருவருக்கு நாலு லட்சம் பேருக்குக் கொஞ்சம் குறைவு. நாலு வருடப் பதவி, தொடர்ந்து மூன்று முறைதான் இருக்கலாம். வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. முதல் சுற்றிலேயே பாதிக்கு மேல் வாங்கிவிட்டால் நவம்பர் வரை போக வேண்டியதில்லை, இது தெரியாமல் நவம்பரில் மட்டும் ஓட்டுப் போடப் போகிறவர்கள் நிறையப் பேர், அதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும். கிரீன் கார்டு மசோதா பேச்சு வரும்போதெல்லாம் பெயர் அடிபடும் ஜோ லாஃப்கிரன், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் போகும் முன் 1980களில் இதே போர்டில் இருந்தவர்.

கூட்டம் எப்போது, எவ்வளவு நேரம்?

பொதுவாகச் செவ்வாய்க்கிழமை காலை, பெரும்பாலும் மாதத்துக்கு இரண்டு. இடம் சான் ஹோசேயில் வெஸ்ட் ஹெடிங் தெருவில் இருக்கும் கவுண்டி கட்டடம். நேரில் போகலாம், வீட்டிலிருந்தும் பார்க்கலாம். எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்காதீர்கள். மதியச் சாப்பாட்டைத் தாண்டிப் போவது சகஜம், சூடான விஷயம் இருந்தால் இருட்டும் வரை போகும். முதலில் கொடி வணக்கம், அப்புறம் யாருக்காவது பாராட்டுப் பத்திரம், ஃபோட்டோ. நம்ம ஊர்க் கூட்டங்களில் பொன்னாடை போர்த்துவது மாதிரிதான், சால்வைக்குப் பதிலாக ஃபிரேம் போட்ட காகிதம். ஃபோட்டோ எடுத்ததும் பாதிக் கூட்டம் கிளம்பிவிடும், அதற்குப் பிறகுதான் விஷயமே ஆரம்பிக்கிறது.

கன்சென்ட் காலண்டர் என்று சொல்லி ஒரே நிமிடத்தில் ஏதோ முடித்துவிட்டார்களே, அது என்ன?

ஒருவர் "முன்மொழிகிறேன்" என்பார், இன்னொருவர் ஆதரிப்பார், ஐந்து பேரும் ஆம் என்பார்கள், முடிந்தது. அந்த ஒரு ஓட்டில் அறுபது எழுபது தீர்மானம் ஒன்றாக நிறைவேறியிருக்கும். மருத்துவமனைக்கு மருந்து வாங்கும் ஒப்பந்தம், ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்துக்கான நிதி, சாலை போடும் காண்ட்ராக்ட், போன கூட்டத்தின் குறிப்பு, கவுண்டி மேல் போட்ட கேஸில் சமரசத் தொகை, எல்லாம் அதற்குள். பணத்தில் பெரும்பகுதி அந்த ஒரு நிமிடத்தில்தான் கைமாறுகிறது, அரை மணி நேரம் விவாதம் நடக்கும் தீர்மானத்தில் பல சமயம் ஒரு டாலர் கூட இருக்காது.

இதில் சதி ஒன்றும் இல்லை. எழுபதையும் ஒவ்வொன்றாகப் பேசினால் வாரம் முழுக்க அங்கேயே உட்கார வேண்டியதுதான். ஆனால் அந்தப் பட்டியலில் இருந்து ஒன்றை வெளியே எடுத்துத் தனியாகப் பேச எந்த சூப்பர்வைசரும் கேட்கலாம். அதனால் உங்களுக்கு உறுத்தும் ஒன்று அதில் இருந்தால், திங்கட்கிழமையே உங்கள் டிஸ்ட்ரிக்ட் ஆபீஸுக்கு ஃபோன் போட்டு "இந்த நம்பரைத் தனியாக எடுக்கச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஃபோனை எடுப்பவர் பெரும்பாலும் இருபத்தைந்து வயதுப் பையனோ பெண்ணோதான், பொறுமையாகக் கேட்பார்கள்.

அஜெண்டா எங்கே, அதை எப்படிப் படிப்பது?

வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே அஜெண்டாவை வெளியிட வேண்டும், சிறப்புக் கூட்டம் என்றால் 24 மணி நேரம். இது பிரவுன் சட்டம். 1953இல் வந்தது, ரால்ஃப் பிரவுன் என்ற மாநில சட்டமன்ற உறுப்பினர் கொண்டுவந்தது. உள்ளாட்சி அமைப்புகள் எப்படி ரகசியமாகக் கூடி முடிவெடுக்கின்றன என்று ஒரு சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் தொடர் எழுதியதன் விளைவு அது.

சரி, படிக்கும் முறை. முதலில் தலைப்பைப் படிக்காதீர்கள், தலைப்புகள் தூங்கவைப்பதற்காகவே எழுதப்பட்டவை. தொகையைப் பாருங்கள், அதற்குப் பிறகு எங்கே என்ற இடத்தைப் பாருங்கள், உங்கள் தெருப் பெயரோ பார்க் பெயரோ இருக்கிறதா என்று. ஐந்தில் நாலு ஓட்டு தேவை என்று குறிப்பு இருந்தால் அதில் கொஞ்சம் நில்லுங்கள். சாதாரண முடிவுக்கு மூன்று ஓட்டு போதும். வருடத்தின் நடுவில் பட்ஜெட்டை மாற்றுவது, அவசரச் சட்டம் மாதிரி விஷயங்களுக்குத்தான் நாலு. அப்புறம் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் இணைப்பாக ஒரு அறிக்கை இருக்கும், அதில் பின்னணி என்ற பகுதியை மட்டும் படித்தால் போதும், மீதி அலங்காரம்.

நான் போய்ப் பேசலாமா? எச்1பி விசாவில் இருக்கிறேன்.

தாராளமாக. பேசுவதற்கு சிட்டிசனாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, பெயர் சொல்ல வேண்டும் என்று கூடக் கட்டாயப்படுத்த முடியாது. சீட்டில் பெயர் எழுதச் சொன்னாலும் அது வரிசைக்காகத்தான். ஓட்டுப் போட முடியாதே தவிர வரி கட்டுகிறீர்கள் அல்லவா. 2019இல் வந்த மாநிலச் சட்டப்படி, கமிஷன்கள் என்ற குழுக்கள் மாதிரியான நியமனப் பதவிகளில் உட்காரவும் குடியுரிமை தேவையில்லை.

எவ்வளவு நேரம் கொடுப்பார்கள்? அம்மா தமிழில் பேசினால்?

இரண்டு மூன்று நிமிடம். கூட்டம் அதிகமாக இருந்தால் தலைவர் ஒரு நிமிடமாகக் குறைத்துவிடுவார், அதனால் ஒரு நிமிடப் பேச்சு ஒன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மா தமிழில் பேசி நீங்கள் மொழிபெயர்த்தால் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும், இதுவும் அதே பிரவுன் சட்டத்தில் இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

ஒரே ஒரு அனுபவ அறிவுரை. வணக்கம், நான் இந்த ஊரில் இத்தனை வருடமாக இருக்கிறேன், என் இரண்டு பிள்ளைகளும் இங்கேதான் படிக்கிறார்கள் என்று ஆரம்பித்தீர்கள் என்றால் விஷயத்துக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும். முதல் வரியிலேயே தீர்மான எண், வேண்டும் அல்லது வேண்டாம். காரணம் அதற்குப் பிறகு.

உயிரைக் கொடுத்துப் பேசினேன். ஐந்து பேரும் பதிலே சொல்லாமல் பார்த்துக்கொண்டு இருந்தார்களே, இது அவமரியாதை இல்லையா?

இந்தக் கோபம் எனக்கும் வந்தது. ஆனால் அஜெண்டாவில் இல்லாத விஷயத்தைப் பற்றி அவர்கள் விவாதிக்கவோ முடிவெடுக்கவோ கூடாது என்பது சட்டம். ஒரு விளக்கம் கேட்கலாம், அதிகாரியைப் பார்க்கச் சொல்லலாம், அதற்கு மேல் இல்லை. ஏனென்றால் நீங்கள் சொன்னதை வைத்து அங்கேயே ஒரு முடிவெடுத்தால், அதே விஷயத்தில் எதிர்க் கருத்து உள்ள பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு பேச்சு வரப்போவதே தெரியாமல் போயிருக்கும்.

என் கதை இன்னும் மோசம். என் பையன் பள்ளிக்கு நடந்து போகும் தெருவில் பாதசாரிக் கோடு வேண்டும் என்று லீவு போட்டுப் போய் மூன்று மணி நேரம் காத்திருந்து பேசினேன். இறங்கி வந்ததும் ஒரு ஊழியர் மெதுவாகப் பக்கத்தில் வந்து, "சார், அந்தத் தெரு கவுண்டியுடையது இல்லை, உங்கள் சிட்டியுடையது" என்றார். வீட்டில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஐந்து பேரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு வந்து நாடகம் ஆடுகிறார்களா?

சட்டப்படி முடியாது. மூன்று பேர் சேர்ந்தாலே பெரும்பான்மை, அந்த மூன்று பேர் அறைக்கு வெளியே கவுண்டி விஷயத்தைப் பேசினால் அது சட்டவிரோதக் கூட்டம். ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்று கூட இல்லை. ஒருவர் இரண்டாமவரிடம் சொல்லி, அவர் மூன்றாமவரிடம் சொன்னால் அதுவும் கணக்கில் வரும், மெயில், வாட்ஸாப் எதில் சொன்னாலும் சரி. இரண்டு பேர் பேசிக்கொள்ளலாம். அதனால்தான் கமிட்டிகளில் இரண்டு சூப்பர்வைசர்கள் மட்டும் இருக்கிறார்கள். உண்மையான அலசல் அங்கேதான் நடக்கும், ஆள் கூட்டமும் இருக்காது, பேச நேரமும் கிடைக்கும். போர்டில் ஒரு நிமிடம் பேசுவதை விட ஒரு மாதம் முன்பே கமிட்டியில் பேசுவது எவ்வளவோ மேல் என்பது என் அபிப்பிராயம், ஏனென்றால் போர்டுக்கு வரும்போது பெரும்பாலும் மாவு பிசைந்து தோசை வார்த்தாகிவிடுகிறது.

பூட்டிய கதவுக்குள் பேசுகிறார்களே, அது மட்டும் எப்படி?

வழக்குகள், ஊழியர் விவகாரம், யூனியன் சம்பளப் பேச்சு, நிலம் வாங்கும் விலை, இன்னும் சில. நிலம் வாங்கப் போகிறவர் தன் உச்ச விலையை மைக்கில் சொல்ல முடியாதே. எதைப் பற்றிப் பேசப்போகிறார்கள் என்பது அஜெண்டாவில் இருக்க வேண்டும், உள்ளே எடுத்த முடிவைச் சட்டம் சொல்லும் இடங்களில் வெளியே வந்து அறிவிக்க வேண்டும்.

கவுண்டி தானாகச் சட்டம் போட முடியுமா?

முடியும், அதற்குப் பெயர் ஆர்டினன்ஸ். ஒரு கூட்டத்தில் அறிமுகம் செய்து, குறைந்தது ஐந்து நாள் கழித்து இன்னொரு முறை ஓட்டெடுத்து, அதற்கு 30 நாள் கழித்து அமலுக்கு வரும்.

2010 ஏப்ரலில் நடந்ததைச் சொல்கிறேன். குழந்தைகளுக்கான துரித உணவில் 485 கலோரிக்கு மேல் இருந்தால் அதோடு இலவசப் பொம்மை கொடுக்கக் கூடாது என்று இந்த போர்டு 3-2 என்ற கணக்கில் முடிவெடுத்தது. நாடு முழுக்கச் செய்தி, அரசாங்கம் குழந்தைகளின் பொம்மையைப் பிடுங்குகிறது என்று டிவியில் கிண்டல். ஆனால் அது செல்லுபடியாவது நகராட்சிகளில் சேராத பகுதிகளில் மட்டும், அங்கே இருந்ததோ ஒரு டஜன் கடை போல. சான் ஹோசே நகருக்குள் பொம்மை வழக்கம்போலக் கிடைத்தது.

சின்ன முடிவு என்று சொல்ல முடியாதது 2021இல் வந்தது. கிழக்கு சான் ஹோசேயில் வீடுகளுக்கு நடுவில் ரீட்-ஹில்வியூ என்று கவுண்டியின் சிறு விமான நிலையம் இருக்கிறது. சுற்றி வாழும் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் இருப்பதைப் பற்றிக் கவுண்டி ஓர் ஆய்வு செய்யவைத்தது, அது வெளியானதும் ஈயம் கலந்த விமானப் பெட்ரோலை அங்கே விற்பதை 2022 ஜனவரி முதல் நிறுத்தியது போர்டு. மத்திய விமானத் துறை விசாரணை வரை போனது. சிறு விமானம் ஓட்டுபவர்கள் ஒரு பக்கம், அந்தப் பகுதித் தாய்மார்கள் இன்னொரு பக்கம் என்று பேசிய கூட்டங்களின் வீடியோவை நேரம் கிடைத்தால் பாருங்கள்.

பட்ஜெட் எவ்வளவு, எப்போது?

ஜூலை 1இல் நிதியாண்டு தொடங்கும். மே மாதம் வரைவு வரும், ஜூனில் ஓட்டெடுப்பு. ஆயிரத்து முந்நூறு கோடி டாலருக்கு மேல். கேட்டதும் தலை சுற்றும், ஆனால் நிறையப் பணம் மாநிலமும் மத்திய அரசும் இன்னதுக்குத்தான் என்று சொல்லி அனுப்புவது, இஷ்டத்துக்குத் திருப்ப முடியாது. பெரிய செலவு மருத்துவமனைகள். திவாலான ஒரு குழுமத்திடமிருந்து ஓ'கானர், செயின்ட் லூயிஸ் என்ற இரண்டு மருத்துவமனைகளை 2019இல் கவுண்டியே வாங்கியது, 2025இல் ரீஜனல் மருத்துவமனையையும் வாங்கியது. அதே 2025இல் ஏழைகளுக்கான மருத்துவ உதவியில் மத்திய அரசு கைவைக்கவும், நவம்பரில் மெஷர் ஏ என்ற வாக்கெடுப்போடு மக்களிடம் போய், ஐந்து வருடத்துக்கு விற்பனை வரியை 0.625 சதவீதம் ஏற்றிக்கொண்டார்கள். 100 டாலர் பொருளுக்கு அறுபத்து இரண்டரை சென்ட் கூடுதல்.

சொத்து வரி ஏறிவிட்டது. போர்டில் போய்க் கேட்டால் குறைப்பார்களா?

மாட்டார்கள், முடியாது. 1978இல் வந்த ப்ரொபோசிஷன் 13 என்ற மாநில அரசியல் சட்டத் திருத்தம் அடிப்படை வரியை ஒரு சதவீதத்தில் கட்டிப்போட்டது, மதிப்பீடும் வீடு கைமாறாத வரை வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. மதிப்பைப் போடுபவர் அசெஸர், அவரும் தனியாகத் தேர்தலில் ஜெயித்து வருபவர். லாரி ஸ்டோன் 1995 முதல் 2025 வரை முப்பது வருடம் அந்த நாற்காலியில் இருந்தார், எத்தனையோ போர்டுகளைப் பார்த்துவிட்டார்.

மதிப்பு அதிகம் என்று நினைத்தால் ஜூலை 2 முதல் செப்டம்பர் 15க்குள் அப்பீல் போட வேண்டும். அதைக் கேட்பது அசெஸ்மென்ட் அப்பீல்ஸ் போர்டு என்ற தனி அமைப்பு. பக்கத்துக் கவுண்டிகளில் கடைசித் தேதி வேறாக இருக்கலாம், வேறு கவுண்டி நண்பர் சொன்ன தேதியை நம்பாதீர்கள். பணம் கட்ட டிசம்பர் 10, ஏப்ரல் 10. ஒரு நாள் தள்ளினாலும் 10 சதவீதம் அபராதம்.

ஷெரிஃப் தப்பு செய்தால் போர்டு நீக்கிவிடலாமா?

இங்கே முடியாது, அவரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 2021இல் அப்போதைய ஷெரிஃப் லாரி ஸ்மித் மேல் போர்டு ஒருமனதாக நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டது, ஆனால் அதற்கு அதிகாரம் ஒன்றும் இல்லை. அசைத்தது சிவில் கிராண்ட் ஜூரி, 19 சாதாரணக் குடிமக்கள் ஒரு வருடம் உட்கார்ந்து கவுண்டியைத் துருவிப் பார்க்கும் குழு. அவர்கள் குற்றச்சாட்டு கொடுத்து, வழக்கு நடந்து, 2022 அக்டோபர் கடைசியில் அவர் ராஜினாமா செய்தார். சில நாளில் வழக்கை விசாரித்த வேறொரு ஜூரியின் தீர்ப்பும் அவருக்கு எதிராகவே வந்தது. பக்கத்து சான் மட்டேயோவில் 2025இல் மக்கள் ஓட்டுப் போட்டு ஷெரிஃபை நீக்கும் அதிகாரத்தைக் குறிப்பிட்ட காலத்துக்குப் போர்டுக்குக் கொடுத்தார்கள், அந்த வருடமே ஷெரிஃபை நீக்கினார்கள்.

2020இல் கொரோனாவுக்காக ஊரை மூடியது இவர்கள்தானே?

கையெழுத்துப் போட்டது போர்டு இல்லை, ஹெல்த் ஆபீசர் சாரா கோடி. மார்ச் 16 அன்று ஆறு பே ஏரியா கவுண்டிகள் சேர்ந்து அறிவித்தன, நாட்டிலேயே முதலாவது. மாநிலச் சட்டம் அந்த அதிகாரத்தை அந்த அதிகாரிக்கே கொடுத்திருக்கிறது, அவரை நியமிப்பதுதான் போர்டின் வேலை.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

வருகிற கூட்டத்தின் அஜெண்டாவை வெள்ளிக்கிழமை ராத்திரி திறந்து, தேடும் பெட்டியில் உங்கள் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் அடியுங்கள். லாரன்ஸ் என்று நான் அடித்துப் பார்த்த ஒரு நாள், பல வருடமாக நான் திட்டிக்கொண்டிருந்த அதே சிக்னலுக்கான காண்ட்ராக்ட் கன்சென்ட் காலண்டரில் வந்து நின்றது. செவ்வாய்க்கிழமை அந்த ஒரு நிமிடத்தைப் பார்க்க மட்டும் லேப்டாப்பைத் திறந்தேன், மீட்டிங்கில் இருப்பதாக மேனேஜரிடம் சொல்லிவிட்டு.